டவர் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. "இவ்வளவு நீளமா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்கப்பா" என்கிறாள் சின்ன மகள். முப்பத்து நாலு வருஷம் நாற்பது நிமிஷப் பீரியடாகப் பேசிப் பழகியவனை நாலு வரியில் நிறுத்தச் சொன்னால் எப்படி முடியும்? படிக்கிறவர்கள் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல லைக் மட்டும் போட்டுவிட்டுப் போங்கள். எனக்குத் தெரியும்.

ஆடித்தபசு முடிந்து ஊர் கொஞ்சம் அடங்கிய வாரம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. 1996-ல் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த பையன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை. அவனோடு படித்தவர்களுக்கு ஆள் யாரென்று மூன்றாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். இங்கேயே சங்கரன்கோவிலில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறான். அவன் அப்பாவும் தறிக்காரர்தான். முதலில் கைத்தறி, பிறகு விசைத்தறி, மொத்தம் நாற்பது வருஷத்துக்கு மேல்.

செய்தி இதுதான்: "சார், ஹை-ஃபை செட் ஒண்ணு போடலாம்னு இருக்கேன். பட்ஜெட் அறுபதாயிரம். டவர் ஸ்பீக்கர்தான் வேணும். இந்த மூணுல எது சார் நல்லாருக்கும்?" கூடவே மூன்று படங்கள். மூன்றும் என் இடுப்புக்கு மேல் உயரம். ஒன்றில் நீல விளக்கு வேறு எரிந்தது.

என்னிடம் ஏன் கேட்டான் என்றால், ஊரில் எனக்கு 'ரேடியோ சார்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மைக்செட்காரர் கூடவே நின்று கம்பி சுற்றியதில் வந்த பெயர். இன்னொரு காரணம், நானே ஒரு தடவை இதே விஷயத்தில் ஏமாந்தவன்.

1994-ல் பி.எஃப். லோன் போட்டு மதுரையில் ஒரு கடையில் நாலடி உயரப் பெட்டி இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு அங்குலக் கோன். முன்னால் தங்க நிறத்தில் 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்' என்று ஒரு ஸ்டிக்கர். இயற்பியல் வாத்தியாராக இருந்தும் அந்த ஸ்டிக்கரில் விழுந்தேன். பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்தில் பாகங்கள் எரியாமல் தாங்கக்கூடிய உச்சத்தைக் கணக்குப் போட்டு, அதையும் விருப்பம்போலக் கூட்டிச் சொல்கிற எண். தொடர்ந்து எவ்வளவு தருகிறது என்பதை ஆர்.எம்.எஸ். வாட்டில்தான் பார்க்க வேண்டும். என் 2000 வாட் செட்டின் ஆர்.எம்.எஸ். இருபதைத் தாண்டியிருந்தாலே ஆச்சரியம். வீட்டில் வைத்துப் பாட்டுப் போட்டதும் என் மனைவி சொன்னது: "தண்ணித் தொட்டிக்குள்ள இருந்து ஆளு பேசுத மாதிரில்லா இருக்கு." முப்பது வருஷத்தில் எந்தப் பத்திரிகையிலும் அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படிக்கவில்லை. இப்போது அந்தப் பெட்டிகளில் ஒன்றின் மேல் இன்வெர்ட்டர் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது.

அதனால் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வாரேன், டேப்போட வாரேன்" என்று எழுதினேன். பையன் பாட்டு கேட்கிற டேப் என்று நினைத்துக்கொண்டான். நான் கொண்டுபோனது கொத்தனார் வைத்திருக்கிற அளவு டேப்.

முன் ஹால் பத்தடிக்குப் பன்னிரண்டடி, உயரமும் பத்தடி. தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட், சுவரில் பெயிண்ட், மூலையில் டி.வி., இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் நின்று ஒரு கை தட்டினேன். 'டிர்ர்' என்று சுவருக்குச் சுவர் ஓடியது சத்தம். நம் பக்கத்துப் புது வீடுகள் எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன. பழைய ஓட்டு வீட்டில் ஒலி எதிரொலிக்க இடம் கிடைக்காது. ஓட்டுச் சந்து, மரச்சட்டம், பரண், தொங்குகிற துணி என்று ஏதாவது ஒன்று அதைத் தின்றுவிடும். கான்கிரீட் பெட்டிக்குள் தின்ன ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். தாழ்ந்த சுதியின் அலை நீளம் பெரியது. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது 20 டிகிரிக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ஹெர்ட்ஸ் சுதிக்கு அலை நீளம் கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர், அதாவது இருபத்தெட்டு அடிக்கு மேல். பத்தடி அறைக்குள் அந்த அலை எங்கே போய் நிற்கும்? இரண்டு சுவருக்கு நடுவில் அரை அலை சரியாகப் பொருந்துகிற இடத்தில் அறையே சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். பத்தடிக்கு அது சுமார் 57 ஹெர்ட்ஸ். பன்னிரண்டடிக்கு 48. இவன் ஹாலில் அகலமும் பத்து, உயரமும் பத்து. ஆக 57-ல் இரட்டை மேளம். அந்தச் சுதி வரும்போதெல்லாம் 'ஹூம்' என்று தொட்டிச் சத்தம் கிளம்பும். என் 1994 பெட்டிக்கும் நடந்தது இதுதான். குற்றம் பாதி பெட்டிமேல், பாதி என் வீட்டுமேல்.

அடுத்தது பெட்டி. ஏன் டவர் ஸ்பீக்கர் என்று ஒன்று இருக்கிறது? வெறும் ஜம்பத்துக்காக மட்டும் இல்லை. அமெரிக்காவில் கே.எல்.ஹெச். என்ற ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் ஹாஃப்மன். அவர் பெயரில் ஒரு விதி சொல்வார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் ஏதாவது இரண்டுதான் உனக்குக் கிடைக்கும். மூன்றும் வேண்டும் என்றால் இயற்கை தராது. கம்பெனிக்காரன் தருகிறேன் என்றால் பொய் சொல்கிறான். பெட்டியின் கொள்ளளவு கூடினால் பாஸ் இறங்கும், அல்லது சத்தம் கூடும். தரையில் நிற்கிற உயரப் பெட்டி அந்தக் கொள்ளளவைத் தருகிறது. புத்தக அலமாரி ஸ்பீக்கர் என்று விற்கிற சின்னப் பெட்டியை ஒழுங்காக வைக்க ஸ்டாண்ட் வேண்டும். ஸ்டாண்டும் தரையில் அதே இடத்தைத்தான் அடைக்கும். இது டவருக்கு நியாயமான வாதம்.

எதிர் வாதமும் உண்டு. ஒரே விலையில் டவரும் சின்னப் பெட்டியும் இருந்தால், டவரில் பணத்தின் ஒரு பங்கு மரத்துக்கும் பார்சலுக்கும் போய்விடும். சின்னப் பெட்டியில் அது கோனுக்கும் ட்வீட்டருக்கும் கிராஸ்ஓவருக்கும் போகும். ஆகவே குறைந்த பட்ஜெட்டில் டவர் வாங்குகிறவன் மரத்தைக் கொஞ்சம் அதிகமாக வாங்குகிறான். முன்னால் தெரிகிற வட்டங்களை எண்ணியும் முடிவு செய்யக்கூடாது. போல்க் கம்பெனியின் டி50 மாடலில் ட்வீட்டருக்குக் கீழே மூன்று பெரிய வட்டங்கள் தெரியும். மின்சாரம் போய் அசைவது ஒன்றுதான். மற்ற இரண்டும் உள்ளே இருக்கும் காற்று அழுத்தத்தில் தானாக ஆடுகிற சும்மா கோன்கள். ஏமாற்று வேலை இல்லை, பெட்டியில் ஓட்டை வைப்பதற்குப் பதிலாகச் செய்கிற நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'மூணு ஸ்பீக்கர்' என்று எண்ணிக் காசு கொடுக்காதே என்று சொல்கிறேன்.

பையன் கேட்டான்: "சார், இளையராஜா பேஸ் கிடார் கேக்கணும் சார். சின்னப் பெட்டில அது வருமா?" கேள்வி சரியான கேள்வி. பேஸ் கிடாரின் தடித்த கம்பி மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். ஐந்தங்குலக் கோன் வைத்த சின்னப் பெட்டி பெரும்பாலும் 55, 60-க்குக் கீழே மூச்சு வாங்கும். அந்தக் கம்பியின் இரண்டாவது மடங்கு 82-ல் இருப்பதால் சுதி காதுக்குப் பிடிபடும். ஆனால் கனம் வராது. எனக்கு அது போதும். நான் கேட்பது நாதஸ்வரமும், ஐம்பது அறுபதுகளின் சினிமாப் பாட்டும். அவற்றில் ஆழத்தில் தவிலின் தொப்பிப் பக்கத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவனுக்குப் போதாது. இந்த இடத்தில் நான் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். அது போக, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒல்லி ஸ்டாண்ட்மேல் பெட்டியை வைத்தால் ஒரு வாரம் தாங்காது.

சரி, டவரே வாங்கு என்றேன். ஆனால் எத்தனை வாட் என்று ஆரம்பித்தான். கடைக்காரர் இருநூறு வாட் சொன்னாராம்.

இதை எல்லோரும் ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரின் பின்னால் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 88 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 88. தூரம் இரண்டு மடங்கானால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும். மூன்று மீட்டரில் ஒன்பதரை குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் மூன்று கூட்டு. ஆக, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் காதுக்கு வெறும் ஒரு வாட்டில் 81, 82 டெசிபல். சுவர்கள் திருப்பி அனுப்புவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். வாட்டைப் பத்து மடங்காக்கினால் பத்து டெசிபல் ஏறும். பத்து வாட்டில் தொண்ணூற்றிரண்டு. சென்சிடிவிட்டி 86 உள்ள பெட்டிக்கும் 94 உள்ள பெட்டிக்கும் இடையில் வித்தியாசம் எட்டுதானே என்று நினைக்காதீர்கள். முதலாவதற்கு இரண்டாவதைவிட ஆறு மடங்குக்கு மேல் வாட் வேண்டும். கல்யாண வீட்டுக் குழாய் ஏன் முப்பது வாட்டில் மூன்று தெருவுக்குக் கேட்கிறது? குழாயின் சென்சிடிவிட்டி நூறுக்கு மேல். அதே குழாய்த் தத்துவத்தை வீட்டுப் பெட்டிக்குள் வைத்துத்தான் பால் கிளிப்ஷ் 1946-ல் அமெரிக்காவில் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனியின் டவர்களில் இன்றைக்கும் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு சின்னக் குழாய்வாய் இருக்கும்.

தொண்ணூற்றிரண்டு டெசிபல் என்று சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. அது தறிக்கூடத்தின் சத்தம். விசைத்தறிக்கூடங்களில் தொண்ணூறுக்கு மேல்தான் இருக்கும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேரத்துக்கு உச்ச வரம்பே தொண்ணூறு. உலக சுகாதார நிறுவனம் பாட்டு கேட்கிறவர்களுக்குச் சொல்வது, எண்பது டெசிபல் என்றால் வாரத்துக்கு நாற்பது மணி நேரம்.

"இருநூறு வாட் எதுக்குலே? தறிக்கூடத்தை ஹாலுக்குள்ள கொண்டுவரப் போறியா?" என்றேன்.

அப்போதுதான் பையன் உண்மையைச் சொன்னான். "எனக்கு மட்டும் இல்ல சார். எங்க ஐயாக்குக் காது சரியா கேக்க மாட்டேங்கு. டி.வி.ய அறுபதுல வச்சிக் கேக்காவ. பக்கத்து வீட்ல சண்டைக்கு வாராங்க. பாட்டுன்னா உசுரு அவுகளுக்கு. பெரிய ஸ்பீக்கர் வாங்கினா நல்லா கேக்கும்லா சார்?"

அறுபதாயிரம் பட்ஜெட்டின் காரணம் அதுதான். இளையராஜா இரண்டாவது காரணம்.

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு மூன்று பேருமாக மதுரைக்குக் கிளம்பினோம். கடையில் கேட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். என்ன பாட்டு கேட்க வேண்டும் என்று பெரியவரிடம் கேட்டேன். "காருகுறிச்சியார் நாயனம் இருந்தாப் போடச் சொல்லுங்க சார்" என்றார். காருகுறிச்சி அருணாசலத்தை நம் பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெளியூர் மருமக்களுக்காகச் சொல்கிறேன். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1921-ல் பிறந்து 1964-லேயே போய்விட்டவர். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் ஜானகியம்மாள் குரலோடு போட்டி போடுகிற நாதஸ்வரம் அவருடையதுதான்.

கடையில் முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும், வாங்கப் போகிறவர்களுக்கு உதவும். அங்கிருந்த பையன் தன்னுடைய பாட்டை, ஆங்கிலப் பாட்டு, தரை அதிரப் போட்டான். விலை குறைந்த பெட்டியைக் கொஞ்சம் மெதுவாகவும், விலை கூடியதைக் கொஞ்சம் சத்தமாகவும் வைத்தான். தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா, எனக்குத் தெரியாது. ஒரே பெட்டியையே ஒரு டெசிபல் கூட்டி வைத்தால் காது அதைத்தான் 'நல்லாருக்கு' என்று சொல்லும். அதனால் போனில் டெசிபல் காட்டுகிற ஆப் ஒன்றை வைத்து, எல்லாப் பெட்டியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். கடைப்பையன் முகம் சுளித்தான், ஆனால் செய்தான். நம்முடைய பாட்டையே போடச் சொன்னேன். பழைய மோனோப் பாட்டு ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள். மோனோவில் பாடகர் குரல் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில், வெறும் சுவரிலிருந்து வர வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ இழுத்தால், அல்லது குரல் ஆறடி அகலத்துக்குப் பரவினால், பெட்டியிலோ வைத்த விதத்திலோ கோளாறு. பிறகு ஸ்டீரியோ. இளையராஜாவின் 'ப்ரியா' (1978) பாட்டுகள் அதற்கு நல்ல பாடம்.

கடைசியாகக் காருகுறிச்சியார். பெரியவர் சோபாவில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். தலை ஆடியது. முகத்தில் நல்ல சந்தோஷம். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "தவிலு நல்லா கேக்கு சார். நாயனமும் கேக்கு. தாளக்காரரு அன்னைக்கு வரலையோ?" என்றார்.

தாளக்காரர் வந்திருந்தார். பதிவில் ஜால்ரா அடிக்கு அடி விழுந்துகொண்டிருந்தது. எனக்கு எழுபத்திரண்டு வயது, எனக்கே கேட்டது. அவருக்கு அந்தச் சத்தம் இந்த உலகத்திலேயே இல்லை.

பையன் கடைப்பையனைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க" என்றான். கூட்டினார்கள். பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வருஷக்கணக்கில் சத்தத்தில் நிற்கிற காதுக்குள் முதலில் செத்துப்போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து நுண்மயிர் அணுக்கள். ஜால்ரா அங்கேதான் இருக்கிறது. ச, ஸ, ஷ மாதிரி எழுத்துகளும் அந்த மேல் பகுதியில்தான் இருக்கின்றன. அ, ஓ போன்ற உயிரெழுத்துகள் கீழே. அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் "பேசுதது கேக்கு, என்ன சொல்லுதேன்னு புரியல" என்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் வேண்டுமென்றே கேட்காத மாதிரி நடிக்கிறார் என்று கோபப்படுவார்கள். இன்னொரு கொடுமை, மெல்லிய சத்தம் கேட்காத அதே காதுக்குப் பெரிய சத்தம் சட்டென்று வலிக்கும். கேட்பதற்கும் வலிப்பதற்கும் நடுவில் இருந்த இடம் சுருங்கிவிடுகிறது. பெரிய ஸ்பீக்கர் எல்லாச் சுதியையும் சேர்த்துத்தான் கூட்டும். செத்துப்போன மேல்சுதிக்கு மட்டும் கைகொடுப்பது காதொலிக் கருவியின் வேலை. இருநூறு வாட்டால் அது ஆகாது.

இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் தறிப் பெண்கள் உதட்டசைவிலேயே ஒரு பாஷை பேசினார்கள், 'மீ-மாயிங்' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். நம் தறிக்கூடங்களிலும் நூல் அறுந்தது, பாவு தீர்ந்தது, டீ வந்தது எல்லாமே கைஜாடைதான். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மதுரையில் அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் பையன் என்னோடு பேசவில்லை. நான் அவன் ஆசையைக் கெடுத்துவிட்டதாக நினைத்தான் போல. இரண்டு நாள் கழித்து நானே போனேன். முதலில் ஐயாவுக்கு ஆடியோகிராம் எடு, அதற்கப்புறம் ஸ்பீக்கர் என்றேன். "வயசானா எல்லாருக்கும் வாரதுதான சார்" என்றான். வயசால் வருவதும் உண்டு, தறியால் வருவதும் உண்டு, இரண்டும் சேர்ந்தும் வரும். எடுத்தால்தானே தெரியும்?

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுத்தார்கள். தாழ்ந்த சுதியில் பெரியவருக்குப் பெரிய குறையில்லை. 4000-ல் வரைபடம் கிணற்றுக்குள் இறங்கியது. வந்தது வந்தோம் என்று நான் வற்புறுத்தி, பையனையும் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தேன். சிரித்துக்கொண்டேதான் போனான். அவனுக்கு வயது நாற்பத்து நாலு. அவனுடைய வரைபடத்திலும் 4000-ல் ஒரு பள்ளம். அப்பா அளவுக்கு ஆழமில்லை. ஆனால் அதே இடம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜங்ஷன் வரைக்கும் ஒன்றுமே பேசாமல் வந்தான்.

இப்படிப் போன அணுக்கள் திரும்ப முளைக்காது. இருப்பதைக் காப்பாற்றலாம். பஞ்சு மாதிரி அமுக்கிக் காதுக்குள் வைக்கிற நுரை அடைப்பான், ஒரு டீயின் விலைக்கும் கீழே. சரியாக வைத்தால் இருபது டெசிபலாவது குறைக்கும். எட்டுத் தறி வைத்திருக்கிறவன், தன்னிடம் வேலை பார்க்கிற நாலு பேருக்கும் சேர்த்து வாங்கிப்போட மாசம் எவ்வளவு ஆகும்? ஹெட்போனுக்குப் பத்தாயிரம் கொடுக்கிற பெங்களூர்ப் பிள்ளைகளும் இந்த இடத்தைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். உங்களுக்குத் தறி கிடையாது, காதுக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறீர்கள்.

காதொலிக் கருவி மாற்றுத்திறனாளிகள் நலத் துறை மூலம் இலவசமாகவும் கிடைக்கிறது, தகுதியுள்ளவர்கள் தென்காசி கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். இவன் காத்திருக்க மனமில்லாமல், ஸ்பீக்கருக்கு வைத்திருந்ததில் ஒரு பங்கை எடுத்து வெளியே வாங்கினான். மீதிப் பணத்தில்தான் செட்.

எந்தக் கம்பெனி வாங்கினான் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே பத்துப் பேர் அதையே வாங்குவீர்கள். உங்கள் ஹால் வேறு, அவன் ஹால் வேறு. ஒல்லியான டவர், ஐந்தே கால் அங்குலக் கோன் இரண்டு, சென்சிடிவிட்டி 88, கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஜோடி என்பதால் விலை இறங்கியது. வாரண்டியை மட்டும் பில்லில் எழுதி வாங்கச் சொன்னேன். ஆம்ப்ளிஃபையர் ஐம்பது வாட், அதற்கு மேல் அவனுக்குத் தேவை இல்லை. பட்ஜெட்டில் ஸ்பீக்கருக்குப் பாதிக்கு மேல் போகட்டும் என்பது என் கருத்து. ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள், கரண்டுக் கடையில் கிடைக்கிற கனத்த செம்பு ஒயர் போதும். இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வேடிக்கை பிறகுதான் நடந்தது. முன் ஹாலில் வைத்தால் நான் பயந்த மாதிரியே 'ஹூம்'. மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தோம், பாதி குறைந்தது. பெட்டிக்குப் பின்னால் இருக்கிற ஓட்டையில் அவன் தறியில் நெய்த துண்டையே சுருட்டிச் செருகினேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. கைதட்டினால் 'டிர்ர்' மட்டும் போகவில்லை. அப்போது அவன் வீட்டுக்காரி, "அந்தச் சேலைக்கட்டு ரூம்ல வச்சாத்தான் என்ன?" என்று கேட்டாள். பக்கத்து அறையில் இரண்டு சுவர் நிறைய, விற்பனைக்குப் போக வேண்டிய சேலைக்கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். உள்ளே போய் ஒரு கை தட்டினேன். சத்தம் கையிலேயே நின்றது. ஸ்டுடியோக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்வதை இவர்கள் மூங்கில் பலகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கேதான் இப்போது செட் இருக்கிறது. லாரி வந்து சரக்கு ஏற்றிப் போன அன்றைக்கு மட்டும் பாட்டு கொஞ்சம் கெட்டுப்போகிறதாம், மறுபடி கட்டு சேர்ந்ததும் சரியாகிறதாம். நான் சிரித்துவிட்டேன். இங்கிலாந்தில் வார்ஃபடேல் ஸ்பீக்கர் கம்பெனியை 1932-ல் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸும் அதற்கு முன்னால் ஜவுளித் தொழிலில் இருந்தவர்தான். துணிக்கும் ஒலிக்கும் ஏதோ உறவு இருக்கிறது.

பெரியவர் கருவியைப் போட்ட முதல் வாரம் திட்டிக்கொண்டே இருந்தார். பாத்திரம் விழுவது தலைக்குள் விழுகிறதாம், பேப்பர் மடிப்பது பட்டாசு மாதிரி இருக்கிறதாம். பழக மாதக்கணக்கில் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்போது சாயங்காலம் மட்டும் மாட்டிக்கொள்கிறார். டி.வி. முப்பதுக்கு இறங்கிவிட்டது. போன ஞாயிறு தறி ஓடாத நேரமாகப் பார்த்துப் போயிருந்தேன். காருகுறிச்சியாரைப் போட்டான். தாளக்காரர் வந்தாரா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வலது கை விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது, தவிலுக்கா ஜால்ராவுக்கா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பையன் காதில் அடைப்பான் வைக்கிறான். வேலையாட்களில் இரண்டு பேர் வைக்கிறார்கள், இரண்டு பேர் "நூலு அறுந்தா தெரிய மாட்டேங்கு" என்று எடுத்துவிடுகிறார்களாம். அவர்களிடம் பேச அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறான்.

என்னுடைய அளவு டேப் அவன் வீட்டிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது வாங்கிக் கொடுத்தால் நல்லது. ராஜபாளையத்தில் ஒரு மருமகன் டவர் ஸ்பீக்கர் பார்த்து வைத்திருக்கிறாராம், அவர் ஹாலை அளக்க வேண்டும்.